பாங்காக் போகும் டீச்சருக்கு

நண்பரின் மகள் ஆங்கிலம் கற்பிக்க பாங்காக் கிளம்புகிறாள். "முதலில் டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறாராம் ஏஜென்ட். அவளுக்கு நான் சொன்னது இது:

கேட்காதே, அம்மா. சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்துவது தாய்லாந்தில் குற்றம். பள்ளியில் கற்பிக்க நான்-இமிகிரன்ட் 'பி' விசா வேண்டும், வேலை அனுமதி வேண்டும். ஆசிரியர் கவுன்சிலான 'குருசபா' தரும் உரிமமோ, தற்காலிக விலக்கோ வேண்டும். இவற்றுக்கான கடிதங்களை எந்தப் பள்ளி தருகிறது என்று எழுத்தில் கேள். பள்ளியின் பெயரைச் சொல்லாத ஏஜென்டுக்குப் பைசா கட்டாதே.

நன்றாகப் படிக்கும் குழந்தையைத் தலையில் தட்டிக் கொடுப்பது நம் வழக்கம். அங்கே தலை புனிதமானது, கை வைக்காதே. அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' வராது. 'ஃபுட்பால்' என்று நீ சொன்னால் வகுப்பு 'ஃபுட்பான்' என்னும். சிரித்துவிடாதே. 'இஸ்கூல்' என்று ஆரம்பித்தவர்கள்தானே நாம்? ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இல்லாத தகுதி ஒன்று உனக்கு உண்டு: அதைக் கற்க எங்கெல்லாம் தடுக்கி விழுந்தாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆசிரியரை அங்கே 'க்ரு' என்பார்கள். நம் 'குரு'தான். அந்தப் பெயருக்கேற்ற காகிதங்களோடு போய் இறங்கு.