கட்டற்ற மென்பொருளும் தமிழாசிரியர் கடமையும்

விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு வாங்கியவனே முழுதும் உரியவனா என்னும் வினா இன்று நம்மூர் வீடுகள்தோறும் எழுந்துள்ளது. 2015இல் வெளிவந்த வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு இலவசமாக வழங்கிவந்த காப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. வேண்டுவோர்க்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டென அறிவித்ததாயினும் அது தவணையேயன்றித் தீர்வன்று. அடுத்து வந்த வின்டோஸ் 11, குறித்த வகைப் பாதுகாப்புச் சில்லும் அண்மைக்காலச் செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கும். ஆதலின், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய மடிக்கணினிகளும், பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைகளுக்கு உவந்தளித்த கணினிகளும், உறுப்பிற் குறையின்றியே முதுமை எய்தினவாகக் கருதப்படுகின்றன.

இந்நிலையிற் பெரும்பாலார் மேற்கொள்ளும் வழிகள் இரண்டு. புதிய கணினி வாங்குதல் ஒன்று. 2022இல் ரூபாய் வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருள்கள் என்ன விலைக்கு ஏறின என்பதை அறியாதார் இலர். மற்றொன்று, கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கள்ளப்பிரதியை ஏற்றுவித்தல். பிறர் விடையைப் பார்த்தெழுதும் மாணவனைக் கண்டிக்கும் நாம், களவிற் பெற்ற மென்பொருளில் வினாத்தாள் தயாரித்தல் தகுமா? அறத்தை விடுத்து நலத்தை மட்டும் நோக்கினும், அத்தகைய பிரதிகளோடு தீநிரல்கள் ஒட்டி வருதல் பெருவழக்கு.

மூன்றாவது வழியொன்று நெடுங்காலமாகத் திறந்தே கிடக்கின்றது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கிற்கும் இயக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்றுத் திருத்தவும், பிரதியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்திய வடிவத்தைப் பரப்பவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991இல் பின்லாந்து மாணவரான லைனஸ் ரோவால்ட்ஸ் ஆக்கிய லினக்ஸ் என்னும் கரு அதனோடு சேர, முழுமையான பணிசெயல் முறைமை உருவாயிற்று.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று பயன்படும். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறித்தலின், அம்மொழியார் இக்கொள்கையை விளக்கப் பெரிதும் இடர்ப்பட்டனர். தமிழுக்கு அவ்விடர் இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. இலவசமாகத் தரப்படும் மென்பொருள் பல கட்டுடையன. தந்தவர் நினைத்தபோது மீளப் பெறத்தக்கன. கட்டற்ற மென்பொருளோ, ஆக்கியவர் கைவிடினும் பிறர் எடுத்து வளர்க்கத்தக்கது. லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருள் 2010இல் அவ்வாறே, முன்னிருந்த ஒன்றினின்று கிளைத்து வளர்ந்தது.

இது நம் மொழியின் வாழ்வோடும் தொடர்புடையது. ஏட்டிற் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சேற்றியது, செல்லரித்து அவை அழியுமுன் காக்கவேண்டுமென்னும் கவலையினாலன்றோ? இக்காலச் செல் வேறு வகையினது. நம் ஆசிரியர் பலர் ஆண்டுக்கணக்காகப் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதினர். அவை உரோம எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற உரோமக் குவியலே தோன்றும். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், கணினி திருத்தப்பட்டு மீண்டதும் தம் இருபதாண்டுப் பாடக்குறிப்புகள் அழிந்தனவென்றே வருந்தியிருந்தார். உயர்தர வகுப்பு மாணவியொருத்தி, கட்டணமின்றிக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியினால் ஒரு மாலைப்பொழுதில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தாள். அழிந்தது எழுத்தன்று, வழி தெரியாமையே இடராயிற்று.

அவ்வழியை அமைத்தோர் ஊதியம் நோக்காதவர். அதிராம்பட்டினம் உமர் தம்பி, தேனீ என்னும் ஒருங்குறி எழுத்துருவை ஆக்கி எவர்க்கும் வழங்கி, 2006இல் மறைந்தார். ‘தமிழா’ குழுவினர் எ-கலப்பை என்னும் தட்டெழுத்து மென்பொருளை அளித்தனர். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களைத் தொகுத்துக் காக்க 2005இல் எழுந்த நூலகம் திட்டமும், மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மேல் அமைந்தவை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயத்துக்கு இதன் அருமையை எடுத்துரைத்தல் வேண்டா. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சகானா என்னும் அனர்த்த நிவாரண மென்பொருளும் இவ்வினத்ததே. ஆதலின், இது மேலைநாட்டார் நமக்கிடும் பிச்சை என்று எண்ணற்க, நாமும் பங்காளிகளே.

எனினும் தடைகள் இலவென்று கூறேன். சில அச்சுப்பொறிகள் லினக்ஸில் எளிதில் இயங்கா. அலுவலகங்கள் அனுப்பும் படிவங்கள் சிலவேளை உருக்குலைந்து தோன்றும். பழக்கமோ எல்லாவற்றினும் வலிய தடை. இவற்றினும் பெரியது, இடர் நேர்ந்தபோது கேட்பதற்குத் தமிழில் ஆளின்மை. விலைகொடுத்து வாங்கியதற்குக் கடைக்காரராவது உளர். கட்டற்றதற்கு யார் உளர் என்று மக்கள் வினவுவது நியாயமே. உலகெங்குமுள்ள பயனர்கள் ஒருவர்க்கொருவர் விடை கூறுகின்றனர். ஆயினும் அவ்விடைகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. மென்பொருளின் கட்டு அவிழ்ந்தும் மொழியின் கட்டு அவிழவில்லை.

இதற்கு நம் ஊர் வரலாறே வழிகாட்டும். 1820களில் மருத்துவர் ஜோன் ஸ்கடர் இப்பண்டத்தரிப்பில் இருந்து நோயாளருக்கு மருந்தளித்தார். பின்னர் மானிப்பாய்க்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவ்வளவில் அமையாது, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, நம் இளைஞர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். மருந்தளித்தல் ஒருவர் நோயைத் தீர்க்கும்; மருத்துவத்தைத் தாய்மொழியிற் கற்பித்தல் மருத்துவரையே ஆக்கும். கணினியுதவியில் நாம் இன்னும் முதற்படியிலேயே நிற்கின்றோம். இரண்டாம் படிக்கு ஏறவேண்டும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. முதலாவது, உள்ள முறைமையை மாற்றாமலே லிப்ரே ஒபிஸையும் பயர்பொக்ஸ் உலாவியையும் நிறுவிப் பழகலாம். இரண்டாவது, இனி எழுதுவனவற்றை ஒருங்குறியிலேயே எழுதி, பழையனவற்றை மாற்றிப் பிரதிகளை வேறிடத்தும் வைக்கலாம். மூன்றாவது, லினக்ஸை விரற்சேமிப்பியிலிட்டு, கணினியில் உள்ளதை அழியாமலே இயக்கிப் பார்க்கலாம், பிடித்தபின் நிறுவலாம். நான்காவது, ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் வாரத்தில் ஒரு மாலை, கணினி கற்ற மாணவர் அமர்ந்து, வருவோர் இடரைக் கேட்டுத் தீர்க்கலாம். தீர்த்ததை ஒரு பக்கத்தில் தெளிந்த தமிழில் எழுதிவைத்தால் அடுத்த ஊர்க்கும் அது பயன்படும்.

இவ்விறுதிப் பணியிலேதான் தமிழாசிரியர்க்கும் பண்டிதர்க்கும் இடமுண்டு. கணினி நுட்பம் மாணவர் அறிவர். அதனை மூதாட்டியும் விளங்க எழுதும் நடை நம்மிடம் உளது. கலைச்சொற்கள் தமிழ்நாட்டில் ஒன்றாகவும் ஈழத்தில் வேறாகவும் வழங்குதலின், இரண்டையும் இணைத்துக் காட்டுதலும் நம் பணியே. கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்று வகுப்பில் நாள்தோறும் உரைக்கின்றோம். கொடுக்கக் குறையாத அத்தகைய பொருளொன்று மென்பொருள் வடிவில் நம் வாயிலுக்கு வந்திருக்கும்போது, அது எமது துறையன்று என்று கதவடைத்தல் தமிழ் கற்றோர்க்கு அழகாகாது.