வீடு யாருக்காக?

ஆம்ஸ்டர்டாம் நகரில், ஆம்ஸ்டல் ஆற்றங்கரையில், நூறு மீட்டருக்கும் மேல் நீண்ட முகப்புடன் நிற்கிறது ஆம்ஸ்டல்ஹோஃப் என்னும் பழைய அறச்சாலை. ‘ஹோஃப்’ என்னும் டச்சுச் சொல்லுக்கு முற்றம் என்று பொருள். நாற்புறமும் கட்டடம் சூழ, நடுவே முற்றம் விரிந்து கிடக்கும் அமைப்பு அது.

1680இல் மறைந்த பாரென்ட் ஹெல்லமன் என்னும் வணிகர், சீர்திருத்தத் திருச்சபையின் ஏழையர் நலப் பிரிவுக்குப் பெரும் பொருளை எழுதிவைத்தார். அதனைக் கொண்டு 1681இல் தொடங்கிய பணி 1683இல் நிறைவுற்றது. வறிய முதிய பெண்கள் அங்கே புகலிடம் பெற்றனர். 1817 முதல் முதிய ஆண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பிற்காலத்தில் அது நோயுற்ற முதியோரைப் பேணும் இல்லமாகவும் விளங்கியது.

ஆயினும், இக்கால மருத்துவப் பேணுதலுக்கு அப்பழைய கட்டடம் ஏற்றதாக இல்லை. 2007இல் அங்கிருந்தோர் அனைவரும் வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 324 ஆண்டுகள் முதியோரைக் காத்த கட்டடம் 2009இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இதனை ஓர் அறத்தின் முடிவு என்று வருந்துவோர் உண்டு. பழகிய இடத்தை முதுமையில் விட்டுப் பிரிவது துயரமே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும், அம்முடிவு சரியானது என்றே கருதுகிறேன். அறம் முதியோர்க்காகச் செய்யப்பட்டதே அன்றிச் சுவர்களுக்காக அன்று. கட்டடத்துக்கு ஏற்ப நோயாளி வருந்தி வாழ வேண்டும் என்றால், அறச்சாலை என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது.

இவ்வுண்மை நம் இல்லங்களுக்கும் உரியது. பக்கவாதத்தினின்று மீண்டவர் மாடி அறையிலேயே முடங்கிக் கிடப்பார். கூடத்தில் கட்டில் போட்டால் பார்வைக்கு நன்றாக இராது என்று நாம் தயங்குவோம். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தவும், உயர்ந்த வாசற்படியருகே சாய்தளம் அமைக்கவும் மனம் ஒப்பாது. தாத்தா கட்டிய வீடாயிற்றே என்போம். அத்தாத்தா வீட்டைக் கட்டியதே தம் மக்கள் நலமாக வாழ்வதற்கன்றோ!

ஆகவே, வீடு திரும்பும் நாளுக்கு முன்பே, வீட்டில் என்னென்ன மாற்றங்கள் தேவை என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அவற்றைச் செய்யுமுன் நோயாளியின் விருப்பத்தையும் கேளுங்கள். கட்டிலை எங்கே போடுவது என்பதை இயன்றவரை அவரே முடிவு செய்யட்டும். வாசலும் மரமும் தெருவில் போவோரும் கண்ணில் படும் இடத்தையே அவர் விரும்பக்கூடும்.