மடக்கு சேருக்கு மெத்தை போட்டால் சொகுசா?

"உட்கார்ந்து படிக்கிறதுக்குப் போய் முதுகு வலிக்குதா?" பரீட்சை நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. மடக்கு சேரில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும், "இந்த வயசுலயே சொகுசு கேக்குதோ?" என்று அடுத்த அம்பு பாயும்.

சொகுசாம்! அந்த இரும்பு சேர் யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று கொஞ்சம் யோசியுங்கள் மக்களே. மடக்கினால் தட்டையாக வேண்டும், நூறு சேரைச் சுவரோரம் சாய்த்து அடுக்க வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும். இதெல்லாம் வாடகைக் கடைக்காரரின் தேவை. காசு கொடுப்பவர் அவர், உட்காருபவர் வேறு யாரோ. காசு கொடுப்பவர் கேட்பதைத்தானே கம்பெனி செய்யும்? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா என்ன? தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போகும் வரை தாங்கினால் போதும் என்று செய்த சேர் அது. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகும் வரை ஐந்து மணி நேரம் அதிலேயே உட்கார்ந்தால் முதுகு சும்மா இருக்குமா?

"அப்போ ஆபீஸ் சேர் வாங்கு" என்பது இன்னொரு கட்சி. வாங்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும், ஹாஸ்டல் அறையில் போட இடமும் வேண்டும். "ஒரு தலையணையைப் போடு, போதும்" என்பது மூன்றாவது கட்சி. இதுவும் தப்பு. மெத்தென்ற தலையணை கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். ரொம்ப தடிமனாக இருந்தாலோ கால் தரையில் படாது, சேர் விளிம்பு தொடையை அழுத்தி, கால் மரத்துப் போகும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மெத்தைக் கடையில் கெட்டியான ஃபோம் அல்லது ரப்பர் கலந்த தென்னை நார் வெட்டுத் துண்டு கேளுங்கள், ஒன்றரை அங்குலம் போதும். உறை தைத்து, நாடாவால் சேரில் கட்டிவிடுங்கள். உட்காரும் தகடு பின்பக்கம் சரிந்திருந்தால், பின் ஓரத்தில் மட்டும் ஒரு மடிப்புத் துணி கூடுதலாக வையுங்கள். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் இடத்தில், சுருட்டிய துண்டைக் கட்டுங்கள். பாதம் முழுசாகத் தரையில் பதியவில்லையா? பழைய பேப்பர் கட்டு ஒன்றைக் காலுக்கடியில் போடுங்கள். சேரின் குழாயில் மட்டும் துளை போட வேண்டாம், பலம் குறைந்துவிடும். மடங்கும் இடத்தில் துணி சிக்காமல் இருக்கிறதா, கால்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் செய்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கத்தான் வேண்டும்.

"அந்தக் காலத்தில் நாங்க தரையில உட்கார்ந்து படிச்சோம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் தரையில் இருப்பவர் காலை நீட்டுவார், மடக்குவார், சுவரில் சாய்வார். மடக்கு சேரில் அந்தச் சுதந்திரம் ஏது?

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றவர்களுக்கும் இதே 'சொகுசு' பாட்டுதான் பாடப்பட்டது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளாவும் 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. அங்கே உட்காருவதே சொகுசு என்றார்கள், இங்கே வலியில்லாமல் உட்காருவது சொகுசு என்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டதற்கு எந்தப் பரீட்சையிலும் கிரேஸ் மார்க் கிடையாது. கூச்சப்படாமல் துண்டைச் சுருட்டுங்கள் :-)