படத்தில் ஒரு முகம், பாடத்தில் ஒரு முகம்!

கம்பத்திலே பொழுது புலருமுன்னே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கம்பம் மெட்டு ஏறி, குமுளி ஏறி, அக்கரையில் போடி மெட்டு ஏறி, ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் நம் மக்கள். வளைவில் வண்டி கவிழ்ந்தால், காட்டில் பாம்பு தீண்டினால், பிரசவம் சிக்கலாகிப் பெரிய வைத்தியம் தேவைப்பட்டால், அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் க.விலக்கு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை! பணம் கட்டி வைத்தியம் பார்க்க வழியற்ற பாட்டாளிக்கு அந்தப் படிக்கட்டுதான் கதி.

அந்தக் கல்லூரியிலே 2019-ஆம் ஆண்டு நடந்ததை நாடு மறந்திருக்கலாம். நாம் மறக்கக் கூடாது, தோழர்களே!

சென்னையிலிருந்து ஒரு மாணவர் வருகிறார். முதலாண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேருகிறார். முன்பு நீட் எழுதித் தேறாதவர், மும்பையிலே எழுதித் தேறினாராம்! சரி, சேர்த்துக்கொண்டார்கள். செப்டம்பர் மாதம் கல்லூரி டீனுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. தேர்வு எழுதியவர் ஒருவர், வகுப்பில் இருப்பவர் இன்னொருவர் என்று! ஏடுகளை எடுத்தார்கள், பார்த்தார்கள், திகைத்தார்கள். படத்தில் ஒரு முகம், பாடத்தில் ஒரு முகம்! கல்லூரி விசாரித்தது. காவல் நிலையத்துக்குப் புகார் போயிற்று. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யின் கைக்கு மாறிற்று. மாணவர் திருப்பதியிலே பிடிபட்டார். அதன் பிறகு தனியார் மருத்துவக் கல்லூரிகளில் படித்த வேறு சிலரும் இதே ஆள்மாறாட்டக் குற்றச்சாட்டில் சிக்கினர்.

யார் குற்றவாளி, எவ்வளவு குற்றவாளி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் நுழையப் போவதில்லை. நாம் கேட்பது வேறு. அந்தப் படமும் அந்த முகமும் ஒன்றல்ல என்பதைக் காண ஒரு மின்னஞ்சல் ஏன் தேவைப்பட்டது?

2017-ஆம் ஆண்டு இதே தேர்வுக்குப் போன நம் பிள்ளைகளின் முழுக்கைச் சட்டையை வாசலிலே நிறுத்திக் கத்தரித்தார்களே, நினைவிருக்கிறதா? பெண் பிள்ளைகளின் காதணியைக் கழற்றச் சொன்னார்கள், கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். நாணயமான பிள்ளையின் சட்டைக் கையிலே அவ்வளவு சந்தேகம்! ஆனால் ஆளையே மாற்றி அனுப்பியதாகச் சொல்லப்படுகிறதே, அந்த ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை! தேர்வுக் கூடம் ஒரு வாசல், கலந்தாய்வு ஒரு வாசல், கல்லூரிச் சேர்க்கை ஒரு வாசல். மூன்று வாசலிலும் மேசை உண்டு, அதிகாரி உண்டு, முத்திரை உண்டு. முத்திரையைக் காகிதத்தில் குத்தினார்களே தவிர, காகிதத்தை விட்டுத் தலைநிமிர்ந்து எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்தவர் யார்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வந்த மின்னஞ்சலை, “மொட்டைக் கடிதம், கிழித்துப் போடு” என்று அந்த டீன் ஒதுக்கியிருக்கலாம். அலுவலகங்களில் அப்படி ஒதுக்குவதற்கு வழக்கமும் உண்டு, வசதியும் உண்டு. கல்லூரிக்குக் கெட்ட பெயர் வருமே, மேலிடம் கேள்வி கேட்குமே என்று மூடி மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. குழு அமைத்து விசாரித்தார்கள், வெளியே சொன்னார்கள். கல்லூரியின் பெயர் பத்திரிகையில் நாறியது உண்மை. ஆனால் மூடியிருந்தால் நாறியிருக்கப் போவது பெயரல்ல, பெயருக்குள்ளே இருக்கும் பொருள். கல்வியில் தலைமை என்றால் அதுதான். மாலை போட்டு மேடையில் உட்காருவதல்ல.

“படித்தவர் வீட்டு விவகாரம், பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதில் என்ன?” என்று கேட்பாரும் உண்டு. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை வயலைப் பாருங்கள்! இரண்டு போகம் நெல் விளைகிறது. எந்தத் தண்ணீரில்? 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் தண்ணீரில். மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை அது. பொங்கல் வந்தால் பென்னி குயிக் படத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஏன் பொங்கல் வைக்கிறது? வெள்ளைக்காரர் என்பதற்காகவா? கணக்குத் தெரிந்த பொறியாளர் அவர், தெரிந்த கணக்கில் பொய் சேர்க்காதவர் என்பதற்காக! அந்தப் பொறியாளரின் சான்றிதழ் காசுக்கு வாங்கியதாக இருந்திருந்தால், நம் பாட்டன்மார் காலத்திலேயே அணை உடைந்து, இந்தப் பள்ளத்தாக்கு தண்ணீரின்றி வறண்டுபோயிருக்கும். வாங்கிய பட்டத்தின் விலையைக் கொடுப்பவன் பட்டதாரியல்ல, தோழர்களே! பாலத்தின் மேலே போகிறவன், கத்தியின் கீழே படுக்கிறவன் கொடுக்கிறான்.

கீழே காவல் இல்லை, மேலேயாவது உண்டா? 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரையே லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு 30 லட்சம் ரூபாய் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஜூன் மாதம், தேனி மாவட்டக் கலைக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பட்டம் வழங்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நியமனமே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டு பிறந்தது, அண்ணா பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்குக் காசு வாங்கி மார்க்கைக் கூட்டினார்கள் என்று வழக்குப் பதிவாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர்களில் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் ஒருவர்! 2024-ல் இன்னொரு கூத்து வெளிவந்தது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கு! 353 ஆசிரியர்கள், 224 கல்லூரிகள் என்று அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. ஒருவரே பல இடங்களில் ஒரே வேளையில் தோன்றுவதைப் புராணத்தில்தான் கேட்டிருக்கிறோம். கல்லூரி ஆய்வு அறிக்கையிலும் அந்த அதிசயம் நடந்திருக்கிறது!

வேலியே பயிரை மேய்ந்தால், மாணவனிடம் போய் “நீ பார்த்து எழுதாதே” என்று யார் சொல்வது? எந்த வாயால் சொல்வது?

வெளிநாட்டிலே பாருங்கள். ஜெர்மனியின் ராணுவ அமைச்சர் குட்டன்பெர்க் தமது டாக்டர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகச் சேர்த்திருந்தது 2011-ல் வெளியாயிற்று. பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது, அவர் பதவியை விட்டு இறங்கினார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் 2023-ல் விலகினார். அவரே பொய்த் தகவல் புனைந்தார் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. அவர் பெயர் தாங்கிய கட்டுரைகளில் பிழை இருந்தும், தெரிந்த பின் தக்கபடி திருத்தவில்லை என்பதுதான் குறை. அதற்கே நாற்காலி போயிற்று! இங்கே புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது கருத்துத் திருட்டுப் புகார் எழுந்தது. ஆசிரியரும் மாணவரும் தெருவில் நின்று போராடியும், பதவி நீக்கம் 2016-ல்தான் வந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்து 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை. அதற்கு மேலே 40, 60 என்று படிப்படியாகத் தண்டனை. 60-ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. துறைதோறும் ஒரு குழு, நிறுவனத்துக்கு ஒரு குழு. காகிதத்திலே அழகுதான்! ஆனால் சதவீதம் சொல்வது இயந்திரம். தன்னிடம் உள்ளதோடுதான் அது ஒப்பிடும். ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தின் மூலையில் தூசி மண்டிக் கிடக்கும் பழைய ஆய்வேட்டைப் பெயர் மாற்றிப் போட்டால், அதற்கு என்ன தெரியும்? காசு வாங்கிக்கொண்டு புதிதாகவே எழுதிக் கொடுக்கிறவன் இருக்கிறானே, அவன் எழுத்திலே இயந்திரம் ஒரு குறையும் காணாது. ஊருக்கு ஊர் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ பலகை தொங்குகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது தேநீர்க் கடைக்காரர் வரைக்கும் தெரியும். இதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவரே. மாணவனை மாதாமாதம் உட்கார வைத்து, “இந்த வரிக்கு என்ன பொருள்? இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?” என்று நான்கு கேள்வி கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். அப்படிக் கேட்பதற்கு அந்தப் பேராசிரியருக்கே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுத்து நாற்காலி வாங்கியவர் எதைக் கேட்பார்?

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு வார்த்தை. “அண்ணே, பையனுக்கு நாலு மார்க்குத்தான் குறையுது, பிரின்சிபாலிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று நம் அலுவலகப் படியேறி வருகிறவர்கள் எதிரிக் கட்சிக்காரரல்லர்; நம் வட்டச் செயலாளர்தான் வருகிறார்! வீட்டுக்கு முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளை அவன். கண் கலங்கிக் கேட்பார், நமக்கும் மனம் இளகத்தான் செய்யும். ஆயினும் அந்தச் சிபாரிசை நாம் செய்வதில்லை. ஏழைப் பிள்ளையின் கையில் இருக்கும் ஒரே சொத்து அந்தச் சான்றிதழ். நாலு மார்க்கு இனாமாக வந்தது என்று ஊர் பேசத் தொடங்கினால், உண்மையாகவே படித்து வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் சான்றிதழையும் உலகம் நம்பாது. பணக்காரன் மகனுக்குப் பட்டம் பொய்த்தாலும் தோப்பு இருக்கிறது, மில் இருக்கிறது. ஏலக்காய் பறித்தவள் மகளுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே கேளுங்கள்! தேனியிலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், நாம் பெற்றோர். சேர்க்கை நாளில் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டவர் யார் என்று பெயரோடு எழுதி வைத்திருக்கிறீர்களா? ஆண்டு முழுதும் வந்த முறைகேட்டுப் புகார்கள் எத்தனை, விசாரித்தவை எத்தனை, முடிவு என்ன என்று பலகையில் ஒட்டுவீர்களா? புகார் கொடுத்த மாணவனுக்கு உள்மதிப்பீட்டு மார்க்கில் கை வைக்காமல் இருக்க என்ன ஏற்பாடு? திருட்டு ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்ட வழிகாட்டிக்கு என்ன தண்டனை? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலே எழுந்து கேளுங்கள். முதல்வர் “பார்க்கலாம்” என்பார். எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, அந்தத் தேதியைக் கூட்டக் குறிப்பிலே எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.