பழைய ரேடியோவுக்கு அவசரம் ஆகாது

சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் அகில இந்திய வானொலி நிலையங்கள் ஏற்பட்ட பிறகு, வசதியுள்ள வீடுகளின் கூடத்தில் கௌரவமான ஓரிடத்தைப் பெற்றுக் கச்சேரியும் செய்தியும் நாடகமும் வழங்கிவந்த வால்வு ரேடியோப் பெட்டியை, பரணிலிருந்து இறக்கி மறுபடியும் பாடவைக்க வேண்டுமென்று இன்றைய இளைஞர் சிலர் ஆசைப்படுவது மனத்துக்கு நிறைவளிக்கும் விஷயம். ஆனால், இறக்கிய கையோடு தூசியைத் துடைத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிடும் ஆவல் இருக்கிறதே, அதுவே அந்தப் பெட்டிக்குப் பரம சத்துரு.

காரணம் இதுதான். ரேடியோவின் மின்சாரப் பகுதியிலுள்ள எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள், அலுமினியத் தகட்டின்மேல் படிந்திருக்கும் மிக மெல்லிய ஆக்ஸைடு படலமே காப்பாக நிற்கிறது. பல்லாண்டுகள் மின்சாரமே காணாமல் கிடக்கையில் அந்தப் படலம் நலிந்துபோகிறது. அந்நிலையில் முழு வோல்டேஜையும் ஒரேயடியாகச் செலுத்தினால், கண்டென்சர் சூடேறி வெடிப்பதோடு நில்லாமல், ரெக்டிஃபையர் வால்வையும், மாற்று கிடைப்பதற்கரிய டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துப் பலிகொண்டுவிடும்.

அனுபவசாலியான மெக்கானிக், முதலில் ரப்பர் உறை உதிர்ந்த ஒயர்களை மாற்றுவார். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களை, அதிலும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குச் செல்லும் ஒன்றை, எவ்விதத் தயக்கமுமின்றிக் கழற்றி எறிவார். ஏனெனில் அந்த ஒன்று கசிந்தால் வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுற்றையே கருக்கிவிடும். உப்பாமலும் கசியாமலும் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சரைத் தனியே பிரித்து, ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சிறிது சிறிதாக வோல்டேஜை உயர்த்தினால், படலம் தானாகவே மீண்டும் உருவாகும். கசிவு குறையவில்லையெனில் அதையும் மாற்றிவிடுவதே விவேகம். அதன் பிறகுங்கூட, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்தே பெட்டிக்கு முதல் உயிர் கொடுப்பார். பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் பெரும்பாலும் க்ஷேமம்; பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறதென்று பொருள்.

பெட்டிக்கு நேரும் அபாயத்தைவிட மனிதனுக்கு நேரும் அபாயம் பெரிது. 250 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும் இடம் அது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. ரகப் பெட்டிகளிலோ, பிளக்கை மாற்றிச் சொருகினால் இரும்புச் சேஸிஸே உயிர்க்கம்பியாகிவிடும்; தொட்டவர் பிழைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்த வித்தையைக் கைவசம் வைத்திருக்கும் முதிய மெக்கானிக்குகள் நம் ஊர்க் கடைவீதிகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தக்க சன்மானத்துடன் அழைத்து, நான்கு மாணவருக்கேனும் இதைக் கற்பிக்கச் செய்ய வேண்டும். பழைய பெட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அறிந்தவர் ஒருவர் திறந்து பார்க்கும் வரை பிளக்கைச் சொருகாதீர்கள்.