மொக்ஸி ஊமையானால்?

மொக்ஸி என்ற குட்டி ரோபோவைத் தெரியுமா? அமெரிக்காவில் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தோழனாக விற்றார்கள். விலை 799 டொலர்! 2024 டிசம்பரில், எதிர்பார்த்த முதலீடு கிடைக்கவில்லை, மூடப்போகிறோம் என்றது கம்பனி. மொக்ஸியின் பேச்சு கம்பனியின் சேர்வரிலிருந்து வருவது. அது நின்றால் மொக்ஸியும் ஊமை. பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வதென்று பெற்றோருக்கு ஒரு கடிதம் வேறு! எனக்குக் கோபம்தான் வந்தது.

சோனியின் பழைய ஐபோ நாய் அப்படியில்லை. 2014இல் சோனி திருத்துவதை நிறுத்திய பிறகும், ஜப்பானில் அதன் முன்னாள் ஊழியர்கள் செத்த நாய்களின் பாகங்களை எடுத்து மற்ற நாய்களை ஓட வைத்தார்கள். அதன் மூளை அதற்குள்ளேயே இருந்ததே!

மொக்ஸிக்கும் பிறகு வீட்டுக் கணினியிலிருந்தே இயங்க ஒரு வழி செய்து கொடுத்தார்கள். அதை விற்கும்போதே கொடுத்திருக்கலாமே? இப்படி ஒன்றை வாங்கித்தரச் சொல்லி அம்மாவிடம் கேட்கப் போகிறீர்களா? "இன்டர்நெட் இல்லாமல் இது பேசுமா?" என்று கடையில் முதலில் கேளுங்கள்.