மின்சாரக் கார்: மிச்சம் யாருக்கு?

2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதிக் கதவு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரியில், தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. அதன்பின் கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீதிகளில் சத்தமின்றிக் கடந்து போகும் புதிய சீன மின்சாரக் கார்களைக் காணமுடிகிறது. கல்யாண வீட்டிலும் தேநீர்க் கடையிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: பெற்றோல் காரை விட இது இலாபமா?

விற்பவர்கள் சொல்லும் பதில் எளிமையானது. ஒரு கிலோமீற்றருக்குப் பெற்றோல் செலவு இவ்வளவு, மின்சாரச் செலவு அதில் கால்வாசி, மிச்சம் உங்கள் பையில். இந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு.

முதலில் பெற்றோல் பக்கம். 2025 இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 300 ரூபாவைச் சுற்றியே நின்றது. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் ஒரு சிறிய கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடுமென்றால், கிலோமீற்றருக்கு 20 ரூபா. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு 20,000 ரூபா.

இனி மின்சாரம். நடுத்தர அளவிலான மின்கார் 100 கிலோமீற்றருக்கு சுமார் 15 அலகு எடுக்கும். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் மீற்றரில் 17 அலகு ஓடும். 1,000 கிலோமீற்றருக்கு 170 அலகு. அந்த 170 அலகுக்கு என்ன விலை என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

நமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. குறைவாகப் பாவிப்பவருக்கு அலகு மலிவு, கூடப் பாவிப்பவருக்கு விலை கூட. 2025 ஜூனில் 15 வீதம் உயர்த்தப்பட்ட பின்னர் 180 அலகுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் 60 ரூபாவைத் தாண்டியது. மாதம் 100 அலகு பாவிக்கும் சாதாரண வீடொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மின்விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார். பில் இரண்டரை ஆயிரத்தை ஒட்டி வரும். அந்த வீட்டின் முற்றத்தில் மின்கார் வந்து நின்றால் பாவனை 270 அலகாகும். புதிதாகச் சேரும் அலகுகள் கீழ்ப்படியில் போய்ச் சேர்வதில்லை, மேல்படிகளிலேயே ஏறி உட்காருகின்றன. நிலையான கட்டணமும் கூடுகிறது. பில் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி வந்து நிற்கும். ஆக, காருக்கான மின்செலவு 9,500 ரூபா அளவில். பெற்றோலோடு ஒப்பிட்டால் மிச்சம் பத்தாயிரம் சொச்சம். கால்வாசிச் செலவு என்றது இங்கே அரைவாசியாகிவிட்டது.

இதற்கு ஒரு வழி உண்டு. நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறினால் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை அலகு விலை நன்றாகக் குறையும். அது 30 ரூபா என்று வைத்துக்கொண்டால் 170 அலகுக்கு 5,100 ரூபாதான். மிச்சம் 15,000 ரூபாவாக உயரும். ஆனால் அதே முறையில் மாலை 6.30 முதல் 10.30 வரை விலை எகிறும். மின்அடுப்பில் இரவுச் சமையல் செய்யும் வீடு, பிள்ளைகள் குளிரூட்டி போட்டுப் படிக்கும் வீடு, மிச்சத்தில் ஒரு பகுதியை அங்கே திருப்பிக் கொடுக்கும். உங்கள் வீட்டு இணைப்பு அந்த முறைக்குத் தகுந்ததா என்பதைக் காருக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னர் மின்விநியோக நிறுவனத்தில் கேட்டுவிடுவது நல்லது. பலர் கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். 7 கிலோவாற் சார்ஜர் ஒன்று மட்டும் 30 அம்பியர் இழுக்கும். எங்கள் வீடுகளில் வழமையாக இருக்கும் இணைப்பின் முழுக் கொள்ளளவே அதுதான். சாதாரண 13 அம்பியர் பிளக்கில் போட்டால் அந்த ஏழு மணிநேரத்தில் ஏறும் மின்சாரம் 90 கிலோமீற்றர் அளவுக்குத்தான் வரும். தினசரி வேலைக்குப் போய்வர அது தாராளம்.

இப்போது விற்பனையாளர் பேசாத பாதிக்கு வருவோம். ஒரே அளவான பெற்றோல் காரை விட மின்கார் 20 இலட்சம் ரூபா கூட என்று வைத்துக்கொள்வோம். 12 வீத வட்டியில் அந்த 20 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 20,000 ரூபா. கையிலுள்ள காசில் வாங்குகிறவருக்கும் இது பொருந்தும், வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி சற்றுக் குறைவு, அவ்வளவே. மாதம் 15,000 மிச்சம் பிடிப்பதற்கு 20,000 கொடுப்பது வியாபாரமல்ல. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் விலை வித்தியாசம் 15 இலட்சத்துக்குக் கீழே வரும்போதுதான் இரவு மீற்றர் உள்ள குடும்பத்துக்கு மின்கார் கட்டுபடியாகத் தொடங்கும். இரவு மீற்றர் இல்லாவிட்டால் அந்த எல்லை பத்து இலட்சம் அளவுக்கு இறங்கிவிடும். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட்டோடு ஒப்பிட்டால் இன்னும் இறங்கும்.

வித்தியாசம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தொழிற்சாலை அல்ல, திறைசேரி. பெற்றோல் காருக்கு வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து, மின்காருக்கு மோட்டாரின் கிலோவாற்றைப் பார்த்து விதிக்கப்படுகிறது; அவற்றின் மேல் 18 வீத வற். இதனால் சிறிய மோட்டார் உள்ள மின்கார் சில வேளைகளில் அதே அளவு பெற்றோல் காரின் விலைக்கே கிடைக்கிறது. அப்படியொன்று கிடைத்தால் மேலே சொன்ன வட்டிக் கணக்கு அடிபட்டுப்போகும், மின்கார்தான் வெல்லும். கிலோவாற் எண்ணுக்கு எவ்வளவு பெறுமதி என்பதற்கு 2025 இல் நடந்த தகராறே சாட்சி. இறக்குமதியான ஒரு தொகுதிக் கார்களின் மோட்டார் 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்ற பிணக்கு, சுங்கம் வாகனங்களைத் தடுத்துவைத்து, விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. முற்பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் நடுவில் நின்றார்கள்.

வரி இன்று இருப்பதுபோல் நாளை இருக்கும் என்றும் நம்புவதற்கில்லை. பத்து வருடங்களுக்கு முன்னர் வரி குறைவாக இருந்தபோது பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. 2015 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் வரி கூட்டப்பட்டது. அந்தக் கார்களுக்கு நேர்ந்ததோ அதைவிடப் பெரிய பாடம். அவற்றின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. எங்கள் வெயிலில் சில ஆண்டுகளில் பற்றரி தளர்ந்து ஓடும் தூரம் சுருங்க, மறுவிற்பனை விலை சரிந்தது. இன்று வரும் கார்களில் பெரும்பாலானவை திரவக் குளிரூட்டலோடும் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் இரும்பு பொஸ்பேற் பற்றரியோடும் வருகின்றன. எட்டு ஆண்டு உத்தரவாதமும் வழமையாகிவிட்டது. ஆகவே லீஃப் கதையை அப்படியே இன்றைய கார்களின் மேல் ஏற்றிப் பயமுறுத்துவது நியாயமல்ல. எனினும் அந்த உத்தரவாதம் யார் தருவது என்று பார்க்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவரல்லாத ஒருவர் கொண்டுவந்து விற்கும் காருக்கு வெளிநாட்டு நிறுவனத்தின் உத்தரவாதம் பெரும்பாலும் வெறும் கடதாசிதான். பற்றரி பழுதானால் கொழும்புக்கு ஏற்றிப் போகும் செலவையும் வடக்கு, கிழக்கில் இருப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

தூரமும் எங்களுக்கு ஒரு சிக்கல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். குளிரூட்டி போட்டு, நான்கு பேரும் பொதிகளுமாகப் போகும்போது பல மின்கார்கள் ஒரே சார்ஜில் அந்தத் தூரத்தைத் தாண்டமாட்டா. நடுவில் எங்காவது வேகச் சார்ஜரில் நிற்கவேண்டும். அங்கு அலகு 90 ரூபா என்றால் கிலோமீற்றருக்கு 15 ரூபா ஆகிறது, ஹைபிரிட்டின் செலவும் அதுவே. மாதம் ஒருமுறை போகிறவருக்கு இது பெரிய விடயமல்ல, வாரம் ஒருமுறை போகிறவருக்கு விடயம்தான்.

இத்தனைக்கும் பிறகு எங்கள் ஆட்கள் மின்கார் வாங்குவது வெறும் ரூபாக் கணக்கில் அல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையும் அதுவே. 2022 இல் பெற்றோல் 470 ரூபாவானபோது நாடு முழுவதும் நாட்கணக்கில் வரிசையில் நின்றது, கியூஆர் அட்டை வந்தது. வரிசையில் நிற்காதிருப்பதற்கு ஒரு விலை கொடுக்கலாம் என்று ஒருவர் நினைத்தால் அதை மடத்தனம் என்று சொல்லமுடியாது. ஆனால் அதே 2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டும் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றதும் மறந்துபோகவில்லை.

இந்த இரண்டு பயத்திலிருந்தும் கொஞ்சம் தப்பக்கூடியவர் கூரையில் சோலார் வைத்திருப்பவர். 2025 இல் புதிதாக இணைந்தவரின் சூரிய மின்சாரத்தைச் சபை அலகு 20 ரூபாவை ஒட்டியே வாங்கியது. அதை விற்காமல் பகலில் காருக்குள் ஏற்றினால் கிலோமீற்றருக்கு மூன்றரை ரூபாகூட வராது. நாட்டுக்கும் அது நல்லது. 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில் மின்பாவனை குறைந்திருந்ததால், பகலில் கூரைச் சோலார்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மின்சாரம் மிஞ்சுவது நண்பகலில், மலிவு விலையோ நள்ளிரவில். நள்ளிரவில் ஏற்றும் மின்சாரத்தில் நுரைச்சோலை நிலக்கரியின் பங்கு கணிசமானது. பகலில் வேலைத்தலங்களில், பாடசாலை வளவுகளில் மலிவாகச் சார்ஜ் பண்ண வசதி செய்யாமல் மின்காரைப் பசுமை என்று விளம்பரப்படுத்துவதில் பெரிய அர்த்தமில்லை.

கணக்கைச் சுருக்கமாகப் பார்த்தால் அதிகம் ஓடுகிறவருக்கே மின்வாகனம் இலாபம். மாதம் 2,000 கிலோமீற்றர் வாடகைக்கு ஓடும் கார் இரவு மீற்றரில் 30,000 ரூபா மிச்சம் பிடிக்கும். முச்சக்கர வண்டியைப் பாருங்கள். நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓட 4 லீற்றர் பெற்றோல், 1,200 ரூபா. மின்சார முச்சக்கர வண்டிக்கு 8 அலகு, மிக உயர்ந்த வீட்டுக் கட்டணத்தில்கூட 500 ரூபாவுக்குள். மாதம் 25 நாட்கள் ஓடினால் 17,500 ரூபா கையில் நிற்கும். அது ஒரு பிள்ளையின் ரியூசன் காசும் வீட்டுச் சாமான் காசும். ஆனால் 2025 நவம்பரில் மத்திய வங்கி வாகனக் கடன் வரம்பைக் குறைத்தபோது காருக்கு விலையில் பாதி வரை கடன் எடுக்கலாம் என்று விட்டது, முச்சக்கர வண்டிக்கான வரம்பை அதைவிடக் கீழே வைத்தது. மீதிக் காசை அந்தச் சாரதி எங்கிருந்து புரட்டுவது என்பதை எந்தக் கொள்கை அறிக்கையும் சொல்லவில்லை.